உழைப்பின் கண்ணியம் வேறு, உழைப்பின் அர்த்தம் வேறு: ஓர் எளிய விளக்கம்

1899-இல் அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பு ஆலையில் ஒரு கூலித் தொழிலாளி இரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு கட்டியின் எடை ஏறக்குறைய 42 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றுவது அங்கே வழக்கம். பிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளர் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி, எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்ல வைத்து, அந்தத் தொழிலாளியை 47.5 டன் ஏற்ற வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. டெய்லரே தரும் கணக்கு இது. வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை.

இப்படிப்பட்ட வேலைக்கு ஏற்றவன் புத்தியில் எருதைப் போன்றவனாக இருக்க வேண்டும் என்று 1911-இல் டெய்லர் எழுதினார். அதே நூலில் வேறொரு தகவலையும் அவரே தருகிறார். அந்தத் தொழிலாளி ஒரு சிறு மனை வாங்கியிருந்தார். காலையில் வேலைக்கு வருவதற்கு முன்பும், மாலையில் வேலை முடிந்த பிறகும், தன் வீட்டுச் சுவரைத் தானே எழுப்பிக்கொண்டிருந்தார். எந்த எருது மனை வாங்கி வீடு கட்டும் என்ற கேள்வி டெய்லருக்கு எழவில்லை.

உழைக்கும் மக்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது நாம் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கின்றன. ஆலையில் அவருக்கு மறுக்கப்பட்டது கண்ணியம். வீட்டுச் சுவரில் அவர் தேடிக்கொண்டது அர்த்தம்.

கண்ணியம் என்பது பிறர் தர வேண்டிய கடன். முதலாளி, மேலாளர், வாடிக்கையாளர், அரசு, தெருவில் போகிறவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. அது கிடைக்காவிட்டால் குற்றம் தொழிலாளியுடையது அல்ல. அர்த்தம் என்பது வேலை செய்பவர் தன் வேலையிலோ வேலைக்கு வெளியிலோ கட்டி எழுப்புவது. பிறர் அதற்கு இடம் கொடுக்கலாம், இடைஞ்சலும் செய்யலாம், ஆனால் கையில் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பிடிபடாவிட்டால் வருகிற வினை பெரியது. கடனைக் கொடுக்க வேண்டியவர் “செய்யும் தொழிலே தெய்வம்” என்று சுவரில் எழுதிவைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வார்.

கண்ணியத்தைத் தொட்டுப் பார்க்கலாம்

கண்ணியம் என்றதும் ஏதோ மனதுக்குள் இருக்கும் மெல்லிய உணர்வு என்று தோன்றும். அது அளந்து பார்க்கக்கூடிய பொருள்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-இல் இயற்றிய முதல் உடன்படிக்கை எதைப் பற்றியது? தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைப் பற்றியது. 1921-இல் ஏழு நாளுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு என்று இன்னோர் உடன்படிக்கை வந்தது. “உழைப்பு ஒரு சரக்கு அல்ல” என்ற வாசகத்தை 1944-இல் அதே அமைப்பு தன் பிலடெல்பியா பிரகடனத்தின் முதல் கொள்கையாக வைத்தது. 1948-இன் மனித உரிமைப் பிரகடனம் 23-ஆம் பிரிவில், தொழிலாளியும் அவர் குடும்பமும் மனித கண்ணியத்துக்கு ஏற்றபடி வாழப் போதுமான ஊதியம் அவரது உரிமை என்கிறது. மணி, நாள், ஊதியம் என்று இவையெல்லாம் எண்ணிக்கையில்தான் பேசுகின்றன.

ஆகவே ஒரு வேலையிடத்தில் கண்ணியம் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர் முதலில் கழிப்பறையைப் பார்க்க வேண்டும். அது இருக்கிறதா, நடந்து போக எவ்வளவு நேரம், போவதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா, கேட்டால் எப்படிப் பார்க்கிறார்கள்? கழிப்பறை இல்லாத இடத்தில், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், வெயில் காலத்தில் மயக்கம். வெறும் ‘வசதிக் குறைவு’ என்று எழுதப்படுவது இப்படி உடலுக்குள் போய்ச் சேருகிறது.

அடுத்து நாற்காலி. வேலைக்கு நிற்பது உண்மையிலேயே தேவையா, அல்லது உட்கார்ந்தால் சோம்பேறியாகத் தெரியும் என்பதற்காக நிற்க வைத்திருக்கிறார்களா? பல கடைகளில் இரண்டாவதுதான் காரணம். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்குக் கால் நரம்பு சுருள்வதும் இடுப்பு வலி நிலைத்துவிடுவதும் சாதாரணம்.

பிறகு பேச்சு. இந்த ஒன்றில் தமிழ் யாரையும் காட்டிக்கொடுத்துவிடும். ‘வா’வா ‘வாங்க’வா என்பதிலேயே எல்லாம் வெளிப்பட்டுவிடுகிறது. தன் மகன் வயதுள்ள சூப்பர்வைசர் ஐம்பது வயதுக்காரரை ஒருமையில் அழைக்கும் இடத்தில், போனஸ் எவ்வளவு கொடுத்தாலும் அந்த ஒருமை மறக்காது. 1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சுமார் 1,300 தூய்மைப் பணியாளர்கள், எல்லோரும் கறுப்பின ஆண்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். மழைக்குக் குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய இரண்டு பணியாளர்களை அதன் நசுக்கும் இயந்திரம் இழுத்துக் கொன்றிருந்தது. கூலி உயர்வு, பாதுகாப்பு, சங்க அங்கீகாரம் என்று அவர்களுக்குப் பல கோரிக்கைகள் இருந்தன. ஆனால் கையில் பிடித்த அட்டையில் இருந்தது ஒரே வரி: “நான் ஒரு மனிதன்.” வளர்ந்த ஆண்களைப் ‘பையா’ என்று அழைத்துப் பழகிய ஊருக்கு அந்த வரி போதுமானதாக இருந்தது. ஏப்ரல் 16-ஆம் தேதி நகராட்சி உடன்பட்டது.

கவனித்துப் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஷிப்ட் மாற்றத்தை எத்தனை நாள் முன்னால் சொல்கிறார்கள்? வாசலில் பையைச் சோதிக்கிறார்கள் என்றால் மேலாளர் பையையும் சோதிக்கிறார்களா? சம்பளச் சீட்டில் பிடித்தம் எதற்கு என்று எழுதியிருக்கிறதா? இயந்திரம் பழுதானால் முதல் கேள்வி “என்ன ஆச்சு?” என்பதா, “யாரு பண்ணினது?” என்பதா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் இரண்டாவது கேள்வி கேட்கப்படும் இடத்தில் யாரும் சிறு பழுதைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாத பழுது பெரிதாகி ஒருநாள் விரலை எடுத்துவிடும்.

ஒரு சிறு நோட்டு

கண்ணியத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்போது நினைவை நம்பி இறங்கக் கூடாது. சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று போதும். நாளுக்கு ஒரு வரி: தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், ஓவர்டைம் மணி, செய்த வேலை. ஏதாவது நடந்திருந்தால் இன்னொரு வரி: யார், எங்கே, என்ன வார்த்தை, உடன் இருந்தது யார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்கள் எண்ணிக்கையோடு, திருப்பி அனுப்பப்பட்டவை எத்தனை, என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வெட்டு விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. கோபம் வந்த நாளில் மட்டும் எழுதுவது முதல் தவறு. சாதாரண நாட்களின் பதிவு இல்லாவிட்டால் அந்த நோட்டு வெறும் புகார்ப் பட்டியலாகத் தெரியும். மாதம் முழுவதற்கும் ஒரே மூச்சில், ஒரே பேனாவில் எழுதி முடிப்பது இரண்டாவது, பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். நிறுவனம் கொடுத்த போனில் குறித்துவைப்பது மூன்றாவது. வேலையை விட்டுப் போகச் சொல்லும் நாளில் முதலில் திருப்பி வாங்குவது அதைத்தான்.

பேசப் போகும்போது தனியாகப் போவதைவிட அதே குறை உள்ள இன்னும் இரண்டு பேரோடு போவது நல்லது. ஒருவர் கேட்டால் அது அவருடைய ‘குணம்’ ஆகிவிடும், மூவர் கேட்டால் வேலையிடத்தின் பிரச்சினை என்று ஏற்பார்கள். சங்கம் என்ற ஏற்பாட்டின் தர்க்கமே இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

‘திறமை தேவையில்லாத வேலை’ என்று ஒன்று உண்டா?

கூலித் தாளில் உண்டு. கையில் கிடையாது.

மருத்துவமனை அறையைச் சுத்தம் செய்வதை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துடைத்த இடத்திலேயே தூசி விழும். அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து அழுக்கு மிகுந்த இடத்துக்குப் போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் கழிப்பறைக் கிருமி கட்டில் கம்பிக்கு வந்து சேரும். கிருமிநாசினியைத் தடவியவுடன் துடைத்துவிடக் கூடாது. அது வேலை செய்யச் சில நிமிடங்கள் ஈரமாக நிற்க வேண்டும், எத்தனை நிமிடம் என்பது புட்டியில் இருக்கும். பிளீச்சிங் கரைசலையும் அமிலக் கழிப்பறைத் திரவத்தையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரு துணி எந்த அறையில் பயன்பட்டது என்ற நினைவு வேண்டும். இதையெல்லாம் தெரிந்து செய்பவரும் தெரியாமல் செய்பவரும் பார்வைக்கு ஒரே வேலையைச் செய்வதாகத்தான் தெரிவார்கள். நோயாளியின் உடம்புக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

கொத்தனார் 3, 4, 5 அடி அளந்து முக்கோணம் போட்டு மூலையைச் சரிபார்க்கிறார். அது பிதாகரஸ் தேற்றம். வெல்டர் கண்ணைவிடக் காதை நம்புகிறார். மின்வில் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) சரியான தூரத்தில் இருந்தால் சத்தம் அறுபடாமல் சீராக வரும், தூரம் கூடினால் வெடித்து வெடித்து வரும். சுமை ஏற்றுபவர் கனமானதை அடியில், அச்சுகளுக்கு இடையே சமமாகப் பரப்பி வைக்கிறார். பின்பக்கம் பாரம் கூடிவிட்டால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து வண்டி திசை தடுமாறும் என்பது அவருக்குத் தெரியும்.

மைக்கேல் பொலான்யி என்ற சிந்தனையாளர் இதை ‘சொல்ல முடிவதைவிட அதிகமாக நமக்குத் தெரியும்’ என்ற கருத்தாக வடித்தார். தமிழில் இதற்கு ஏற்கெனவே கைப்பக்குவம் என்று பெயர் உண்டு, நெளிவு சுளிவு என்றும் சொல்வோம். சொல்லில் வராத அறிவு தேர்வுத் தாளில் வராது. தேர்வில் வராதது சம்பளப் பட்டியலில் ஏறாது. திறமை இல்லாத வேலை என்ற பெயர் பிறப்பது இந்த இடைவெளியில். அதிலுள்ள அநியாயம், அந்த வேலையைச் செய்பவரே நாளடைவில் அதை நம்பிவிடுவது.

அதற்கு ஒரு மருந்து உண்டு. நோட்டின் கடைசிப் பக்கங்களில், ‘புதிதாக வருபவர் முதல் மாதத்தில் செய்யும் தவறுகள்’ என்று எழுதிக்கொண்டே வாருங்கள். தவறு, அதனால் என்ன கெடும், எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று மூன்று நெடுவரிசை. எந்த வேலையானாலும் முப்பது வரிக்குக் குறையாமல் வரும். தனக்கு என்ன தெரியும் என்று நேரடியாகக் கேட்டால் “ஒண்ணும் இல்லீங்க” என்பவர்கள்கூட, புதியவர் எங்கே தப்பு செய்வார் என்று கேட்டால் நிறுத்தாமல் சொல்வார்கள். கூலி உயர்வு கேட்கும்போதும், வேறு வேலைக்குப் போகும்போதும் அந்தப் பக்கங்கள்தான் பேச வேண்டிய விஷயம்.

அர்த்தம் எதனால் ஆனது

1970-களில் ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டம் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வேலையை ஐந்து கூறாகப் பிரித்தார்கள். பலவகைத் திறன்கள் தேவைப்படுகின்றனவா? தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழுப்பொருளைச் செய்கிறோமா, அல்லது துண்டு மட்டுமா? அது வேறொருவர் வாழ்வைத் தொடுகிறதா? எப்படிச் செய்வது என்பதில் நம் சொல் எடுபடுகிறதா? நன்றாகச் செய்தோமா என்று நமக்குத் தெரியவருகிறதா?

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். முதல் மூன்றின் சராசரியை எடுத்து, அதை நான்காவதாலும் ஐந்தாவதாலும் பெருக்க வேண்டும். அதிகபட்சம் 7 × 7 × 7, அதாவது 343. ஒருவர் திறனுக்கு 6, முழுமைக்கு 5, பயனுக்கு 7 போடுகிறார் என்றால் சராசரி 6. ஆனால் சொல் எடுபடுவது 2, தெரியவருவது 3. பெருக்கினால் 36. இப்போது வேலையின் வரிசையை மட்டும் அவரே முடிவு செய்ய விடுகிறார்கள். 2 என்பது 4 ஆகிறது. மொத்தம் 72. வேலை அதேதான், இயந்திரமும் அதேதான்.

கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பெருக்குவதைவிட வெறுமனே கூட்டினாலே நன்றாகப் பொருந்துகிறது என்று பிந்தைய ஆய்வுகள் கண்டன. கணக்கின் பயன் வேறு: எந்த மூட்டில் வலி என்று காட்டிவிடும். ‘வேலை பிடிக்கவில்லை’ என்று மொத்தமாகச் சலித்துக்கொள்பவருக்கு, ஐந்தில் ஒன்றுதான் கீழே கிடக்கிறது என்று தெரிவதே பாதி வழி.

அந்த ஒன்று பெரும்பாலும் நான்காவதாகவே இருக்கும். பிரிட்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ‘வைட்ஹால்’ ஆய்வில், தன் வேலைமீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வேலைப் பளு மட்டும் ஆளைத் தின்பதில்லை. பளுவும் இருந்து, சொல்லும் எடுபடாமல் போவதுதான் தின்கிறது.

ஐந்தாவது கூறு மிகவும் அலட்சியப்படுத்தப்படுகிறது. நன்றாக நடந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. சாக்கடை ஓடும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. ஆகவே குறை மட்டும் காதில் விழும், நிறை விழாது. ஆடம் கிராண்ட் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி வழியே நன்கொடை திரட்டும் ஊழியர்களை, அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரோடு ஐந்தே நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. திரட்டிய தொகையும் அப்படியே. நம் பொருளை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வார்ப்பாலைக்காரர் தான் வார்த்த பம்பு ஓடும் இடத்தை ஒருநாள் பார்க்கலாம். தைப்பவர் தன் தையல் எங்கே முதலில் விடுகிறது என்று கடைக்காரரைக் கேட்கலாம்.

வேலையைக் கொஞ்சம் வளைப்பது

ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001-இல் எழுதிய கட்டுரை மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் சொல்கிறது. ஒரே வேலை, ஒரே கூலி. ஆனால் ஒரு சாரார் சொன்ன வேலையோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு சாரார் நோயாளிகளோடு பேசினார்கள், செவிலியரின் வேலை ஓட்டத்துக்கு ஏற்றபடி தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டார்கள், குணப்படுத்தும் பணியில் தாங்களும் ஓர் அங்கம் என்று நினைத்தார்கள். வேலையில் எதைச் செய்வது, யாரோடு செய்வது, அதை எப்படிப் பார்ப்பது என்று மூன்று இடங்களில் வளைக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

செய்துபார்க்க விரும்புகிறவர் சின்னதாகத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு வாரம். “கருவிகளை ஷிப்ட் தொடக்கத்தில் அடுக்காமல் முடிவில் அடுக்கி வைக்கிறேன், ஒரு வாரம் பார்ப்போம், சரிவராவிட்டால் பழையபடி” என்று கேட்டால் மறுப்பது கடினம், ஏனென்றால் மறுப்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை. “எங்களை நம்பி விடுங்கள்” என்று மொத்தமாகக் கேட்டால் மேஸ்திரிக்குத் தன் நாற்காலி ஆடுவதாகத் தோன்றும்.

இதில் விழக்கூடிய குழி ஒன்று உண்டு, ஆழமான குழி. நல்ல மனதோடு கூடுதலாகச் செய்த வேலை மூன்றாம் மாதம் கடமையாகிவிடும், ஆறாம் மாதம் செய்யாவிட்டால் திட்டு விழும். எதையாவது சேர்க்கும்போதே எதைக் குறைப்பது என்றும் பேசிவிட வேண்டும். குறைக்க இடமில்லை என்றால், மேலே சொன்ன மூன்றில் ‘யாரோடு’, ‘எப்படிப் பார்ப்பது’ என்ற இரண்டோடு நிற்பதே உத்தமம்.

அர்த்தம் பொறியாக மாறும் இடம்

வட அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலோர் படித்தவர்கள், கூலி குறைவு, சாணம் அள்ளும் வேலை. இருந்தும் பிறவிப் பயன் என்று அதை நேசித்தார்கள். அந்த நேசம் எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்குக் கூலியையும் சொகுசையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள், தங்கள் நிர்வாகம் தங்களைச் சுரண்டுகிறதோ என்ற சந்தேகமும் அவர்களுக்கு வந்தது. சேவை என்று பெயர் பெற்ற எல்லா வேலைகளிலும், முதியோரைப் பார்த்துக்கொள்வது, பிள்ளை வளர்ப்பது, நோயாளிக்குத் துணையிருப்பது, இதே கதைதான். ‘உங்களுக்கு மனசு இருக்கே’ என்ற பாராட்டு, சம்பளப் பேச்சின் நடுவில் வந்தால் உஷாராகிவிட வேண்டும்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். 1913-இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்துவரிசை வந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்த ஆகிவந்த 12.5 மணி நேரம் சில மாதங்களில் 93 நிமிடமாகக் குறைந்தது. ஒருவர் ஒரு திருகு, இன்னொருவர் இன்னொரு திருகு. அந்த ஆண்டு ஆட்கள் விட்டுப்போன வீதம் 370 விழுக்காடு: 100 இடங்களை நிரப்பி வைக்க ஆண்டுக்கு 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார், வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 ஆக்கினார். அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தது ஒரு பேரம். நேர்மையான பேரம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த 5 டாலர் முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால், கம்பெனியின் விசாரணையாளர்கள் வீட்டுக்கு வந்து, வீடு சுத்தமா, குடிப்பழக்கம் உண்டா, பணம் சேமிக்கிறாரா என்று பார்ப்பார்கள். ஒரு கையால் கூலியைக் கொடுத்து மறு கையால் கண்ணியத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அழுக்கு வேலையும் இழிவின் படிக்கட்டும்

எவரெட் ஹியூஸ் என்ற சமூகவியலாளர் 1951-இல் ‘அழுக்கு வேலை’ என்ற சொல்லை ஆய்வுக்குள் கொண்டுவந்தார். சமூகத்துக்குத் தேவை, ஆனால் செய்பவரைச் சமூகம் தொட விரும்பாது. அழுக்கு என்பது வேலையின்மீது இருந்தால் கழுவினால் போய்விடும். ஆள்மீது ஏற்றிவிட்டால் போகாது. பிறப்பை வைத்து வேலையை ஒதுக்கும் சமூகங்களில் அது தலைமுறைக்கும் ஏறுகிறது. அங்கே ‘உங்கள் வேலையில் பெருமை கொள்ளுங்கள்’ என்பது புத்திமதி அல்ல, அவமானம். வேலையை விட்டு வெளியேறும் உரிமைதான் அங்கே கண்ணியம்.

ஒதுக்கப்பட்டவர்கள் மூன்று வழிகளில் தங்களை நிமிர்த்திக்கொள்கிறார்கள் என்று 1999-இல் ஆஷ்ஃபோர்த், கிரெய்னர் என்ற ஆய்வாளர்கள் பகுத்தார்கள். வேலையின் பயனை முன்னே வைப்பது (“நாங்க ஒரு வாரம் வரலைன்னா ஊர் நாறிடும்”), அளவுகோலை மாற்றுவது (நாற்றத்தை அல்ல, நேர்த்தியை வைத்து அளப்பது), அழுக்கில்லாத பகுதியில் கண்ணை வைப்பது. இவற்றோடு நான்காவதாக ஒன்றும் நடக்கிறது, அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்: தனக்குக் கீழே ஒருவரைக் கண்டுபிடிப்பது. பொறியாளர் மேஸ்திரியை ஏசுகிறார், மேஸ்திரி கொத்தனாரை, கொத்தனார் சித்தாளை. நிரந்தரத் தொழிலாளி ஒப்பந்தத் தொழிலாளியோடு ஒரே மேசையில் உட்கார மாட்டார். மேலிருந்து வாங்கிய இழிவைக் கீழே இறக்கி வைத்தால் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். குறைவதில்லை, படிக்கட்டு உறுதிப்படுகிறது, அவ்வளவுதான். ஒரு வேலையிடத்தில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் நாளையே தொடங்கக்கூடிய சீர்திருத்தம், கடைசிப் படியில் நிற்பவரைப் பெயர் சொல்லி அழைப்பதுதான்.

சலிப்பான வேலை சலிப்பாகவே இருக்கட்டும்

எல்லா வேலையிலும் அர்த்தம் காண வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேலையைப் பிழைப்பாகப் பார்ப்பவர்கள், முன்னேற்றப் படியாகப் பார்ப்பவர்கள், வாழ்க்கைப் பணியாகப் பார்ப்பவர்கள் என்று மூன்று வகையினரும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தார்கள். முதல் வகை ஒன்றும் தாழ்ந்ததல்ல. நேர்மையான கூலி, தெளிவான நேரம், மரியாதையான பேச்சு மூன்றும் இருந்தால், எட்டு மணி நேரத்தை விற்றுவிட்டு மிச்ச நேரத்தில் வாழ்வது முழுமையான வாழ்க்கைதான். இரும்பு சுமந்தவரின் வீட்டுச் சுவர் அதைத்தான் சொல்கிறது. விற்காத நேரம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 12 மணி நேர ஷிப்டும் போக்குவரத்தும் போக மிஞ்சுவது தூக்கம் மட்டும் என்றால், அர்த்தம் வளர நிலமே இல்லை.

ஆனால் வேலையே போய்விட்டால் நேரம் கிடைக்கிறதே, அப்போது? ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற சிற்றூரில் ஒரே நூற்பாலைதான் வாழ்வாதாரம், அது மூடப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் மேரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் உடன் சென்றவர்களும் அந்த ஊரை ஆராய்ந்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தது. இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது 1929-க்கும் 1931-க்கும் இடையில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது, அதுவும் கட்டணத்தை நீக்கிய பிறகு. ஆண்கள் தெருவில் நின்று நின்று நடந்தார்கள், நேரம் பார்ப்பதை விட்டார்கள். பெண்களுக்கு அப்படி ஆகவில்லை. வீட்டு வேலை அவர்கள் நாளைப் பிடித்து வைத்திருந்தது. சம்பளத்தைத் தவிர வேலை நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பொதுவான ஒரு நோக்கம், ஓர் அடையாளம், கட்டாயமான இயக்கம் ஆகிய ஐந்தையும் தருகிறது என்று யஹோடா பின்னர் எழுதினார். வேலை இழந்தவரோ ஓய்வு பெற்றவரோ இந்த ஐந்தில் எது முதலில் நின்றுபோனது என்று பார்த்து, அதற்கு மட்டும் மாற்றுத் தேடினால் போதும். எழுந்திருக்கும் நேரத்தைப் பழையபடி வைத்துக்கொள்வது எல்லோரும் தொடங்கக்கூடிய இடம்.

பிள்ளைகளிடம் சொல்வது

“நீயாவது இந்த வேலைக்கு வந்துடாதே.” உழைக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வரி. சொல்பவர் நினைப்பது கூலியையும் வலியையும் அவமதிப்பையும். கேட்கும் பிள்ளையின் காதில் விழுவது ‘அப்பா செய்வது கேவலமான வேலை’ என்பது. பள்ளியில் பெற்றோர் தொழில் என்ன என்று கேட்டால் அந்தப் பிள்ளை தலை குனியும். இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும்: வேலை இது, இதில் தெரிந்துகொள்ள இவ்வளவு இருக்கிறது, இதற்குக் கொடுக்கும் கூலியும் நடத்தும் விதமும் சரியில்லை, அதனால்தான் உனக்கு வேறு வழி இருக்கட்டும் என்கிறேன். நீளமான வாக்கியம்தான், ஆனால் பிள்ளை பெற்றோரை வெறுக்காமல் வெளியேற முடியும்.

கையிலிருந்து கைக்கு

நாற்பது வயதைத் தாண்டிய உடலுழைப்பாளிக்கு முதுகும் மூட்டும் கணக்குக் கேட்க ஆரம்பிக்கும். வேகம் குறையும்போது மதிப்பும் குறைகிறது என்ற பயம் வரும், பல இடங்களில் அது நியாயமான பயம். அந்த வயதில் அர்த்தத்துக்கு மிகக் கெட்டியான ஊற்று, கற்றுக்கொடுப்பது. ஆனால் ‘பார்த்துக் கத்துக்கோ’ என்று சொன்னால் புதியவர் அசைவைப் பார்ப்பாரே தவிர, எதற்காக அந்த அசைவு என்பதைப் பார்க்க மாட்டார்.

வேலையின் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது நல்ல பலன் தரும் முறை. முதல் நாள் எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டு, முடிக்கும் வேலையை மட்டும் புதியவர் கையில் கொடுங்கள். அவர் முதல் நாளே ஒரு முழுப் பொருளை முடித்துப் பார்ப்பார். அடுத்த நாள் கடைசிக்கு முந்திய கட்டமும் அவருடையது. இப்படியே பின்னால் நகர்ந்து தொடக்கத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்வி கேளுங்கள்: சரியாக இருந்தால் எப்படிச் சத்தம் வரும், தப்பாக இருந்தால் முதலில் எங்கே தெரியும், தெரிந்தால் எதை நிறுத்த வேண்டும்? பதில் சொல்லத் தெரியாவிட்டால் திட்ட வேண்டாம். தவறை வேண்டுமென்றே ஒருமுறை, ஆபத்தில்லாத இடத்தில், செய்து காட்டுங்கள். சரியான சத்தத்தைப் பத்து முறை கேட்பதைவிடத் தப்பான சத்தத்தை ஒருமுறை கேட்டவர் விரைவில் பிடித்துக்கொள்வார். நோட்டின் கடைசிப் பக்கங்களை அவரிடம் கொடுத்து, அவர் கையெழுத்தில் அடுத்த வரியை எழுதச் சொல்லுங்கள்.